குறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா தனகோடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். ஜெர்மனிக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க கெங்கையம்மன் துணை. போனில் நீ "சொல்லுப்பா" என்றதும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது, அதனால் கறிவேப்பிலைப் பொடி பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

மேல்படிப்பு விண்ணப்பத்துக்காக நீ எழுதிய கட்டுரையை மூன்று முறை படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஆறு மாதம் படித்துவிட்டு வருகிறேன் என்று போனாய், அப்புறம் அகதிக் குழந்தைகளுக்குத் தொண்டு என்று ஒரு வருடம், இப்போது இன்னும் இரண்டு வருடம். என்ன படிப்பு என்று அம்மா கேட்டாள், சர்வதேசக் கல்வி என்றேன், அப்படின்னா இன்னா என்றாள், வெளிநாடு போய்ப் படிக்கிறவங்களைப் பத்தி வெளிநாடு போய்ப் படிக்கிறது என்றேன். "அதான் ஒரு தடவ போய்ப் படிச்சிட்டாளே, இன்னும் இன்னா தெரியணுமாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ட்டாள். கட்டுரையில் 'என் அப்பா ஆம்பூரைத் தாண்டாதவர்' என்று இருக்கிறது. ஷூ கம்பெனி என்னை இரண்டு நாள் கான்பூருக்கு அனுப்பியது, திருத்திக்கொள். 'அந்த ஆறு மாதம் எந்த ஊரையும் வீடாக நினைக்கக் கற்றுத்தந்தது' என்ற வரிக்கு வந்தேன். இங்கிலீஷ் நன்றாக இருந்தது. மூன்று முறையும் அந்த வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன், பவர் சரியில்லை.

காலேஜ் நாளில் ஞாயிறுதோறும் ஹலீமா அத்தை வீட்டு மாடியில், கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தந்தாயே, அதற்கு அத்தைதான் சிபாரிசு தரவேண்டும், அவருக்கு இங்கிலீஷ் வராது, நீ கூட உட்காருப்பா என்றாய். முந்தாநாள் லேப்டாப்போடு அத்தை வீட்டுக்குப் போய், சிபாரிசுப் படிவத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். நீங்கள் அறிந்தவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதமா, பத்து சதவீதமா என்று கேட்டிருந்தது. "சொல்லித்தர மாடிக்கு வந்ததே உன் பொண்ணு ஒருத்திதானே, நூறு போடுண்ணா" என்றார் அத்தை. நூறுக்குக் கட்டம் இல்லை. பிற கலாச்சாரத்தாரோடு எப்படிப் பழகுவார்? "ஒடியா புள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகினா தன் துப்பட்டாவுல துடைப்பா. அத எழுது." எழுதினேன், அழகாகத்தான் வந்தது. அடுத்து 'குறைகள்' என்று ஒரு கட்டம். அத்தை யோசிப்பதற்குள் நானே தட்டிவிட்டேன்: வீட்டுக்குப் போன் பண்றது கம்மி, பண்ணாலும் நெட் சரியில்லைன்னு வெச்சிடுவா, ரெண்டு தீபாவளிக்கு ஊர்ல இல்லை. "இன்னாண்ணா இவ்ளோ நீளம்?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். "இது உன் பேஜாரு. பொண்ணோட குறை இல்ல. அழி" என்றார். அழிக்கப்போய் மூக்கு துடைத்தது உட்பட எல்லாமே அழிந்துபோனது, அந்த நேரம் பார்த்து கரண்டும் போய்ட்டுது, நாளைக்கு வர்றேன் என்று எழுந்து வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். வியாழக்கிழமை கடைசி நாள். நேற்று நான் போகவில்லை, இன்றும் போகவில்லை. அத்தை போன் பண்ணார், காய்ச்சல்னு சொல்லிட்டேன். சிபாரிசு போகாவிட்டால் நீ வந்துவிடுவாய் அல்லவா? வாணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை காலியாம். உன் அறை மின்விசிறியைத் தினமும் ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன், துருப்பிடிக்கக் கூடாதே. ஆகவே நான் அந்த 'அனுப்பு' பட்டனை அழுத்தப்போவதில்லை. கோபித்துக்கொள், ஆனால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

அம்மாவின் முத்தங்களும் என் ஆசீர்வாதமும். தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோடி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. இன்று புதன் காலை ஹலீமா அத்தை என் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவந்தார். நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். கஞ்சித் தூக்கை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "எனக்கு டீச்சர் ட்ரெயினிங்ல சீட்டு வந்துச்சுண்ணா, நாப்பது வருஷம் ஆச்சு. கடுதாசிய எங்கப்பா என் கையில குடுக்கவே இல்ல. அவரும் எம்மேல பாசமாத்தான் இருந்தாரு" என்றார். கை கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம். கடைசிக் கேள்வி: வாய்ப்பிருந்தால் இவரை மீண்டும் உங்களிடம் சேர்த்துக்கொள்வீர்களா? அத்தையைக் கேட்காமல் நானே தட்டினேன்: எப்போது வேண்டுமானாலும், விண்ணப்பம் தேவையில்லை.

"இன்னாண்ணா எழுதின?" என்றார்.

"ஆமான்னு எழுதினேன்" என்று சொல்லி, பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன்.