சாட்சிக் கையெழுத்தும் மரம் அறுக்கும் மிஷினும்

அதிகமாக ஓட்டினால் மிஷின் கெட்டுப்போகும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஓட்டவே ஓட்டாமல், துடைத்துத் துடைத்தே ஒரு மிஷினைக் கவிழ்க்க முடியும் என்று நிரூபித்தவன் நான்.

எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். கடையைப் பூட்டி நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை காலாப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் போனவன், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். பூட்டியிருந்தது. (சாவியைத்தான் பூட்டிலேயே விட்டிருந்தேன்.)

கடை என்று சொன்னது பாண்டியில் உப்பளம் பகுதியில் நான் நடத்தும் வாடகைக் கடை. ஏணி, டிரில்லிங் மிஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு இது தாராளம். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். என்ன, கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோயிருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம், ஒரு மழைக்காலத்தில் பாண்டியில் தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "செயின்சா இருக்குதா?" என்றே கேட்டார்கள். சரி, ஒரு மரம் அறுக்கிற மிஷின் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய அரை நாள் ஆனது. வாங்க மூன்று மாதம் ஆனது.

கரண்ட்டில் ஓடுவது வேண்டாம்; மரம் விழுந்தால் முதலில் போவதே கரண்ட்தான். பேட்டரி வேண்டாம், பாதி மரத்தில் சார்ஜ் இறங்கினால் மீதி மரம் யார் தலையில் விழும்? ஆக, பெட்ரோல். பெரியது வாங்கினால் தூக்கமுடியாமல் காலில் போட்டுக்கொள்வேன். சின்னது வாங்கினால் மரத்துக்கு ரொம்பக் கிட்டே போகவேண்டும். நடுவாந்திரமாக ஒன்றைக் காட்டச் சொல்லி, தொடாமல் சுற்றிவந்து பார்த்தேன்.

"அண்ணே, இது கைய வெட்டிடுமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்தையே வெட்டுது சார். உங்க கை இன்னா தேக்கா?"

அந்த மூன்று மாதத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, "இதுக்கு ஸ்பேர் இந்த ஊர்லயே கிடைக்குமா, ரிப்பேர் பாக்க ஆள் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று தெரிந்த பிறகே வாங்கினேன். வாங்கிய கையோடு மெக்கானிக் சலீம் பாயிடம் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குவது போல வைத்தேன்.

"நல்ல மிஷின்தான்" என்றார் பாய். "பெட்ரோல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் சரியா கலந்து ஊத்துங்க. செயினுக்குத் தனி ஆயில், மறந்துடாதீங்க. பல்லு மழுங்குனா அரம் போடுங்க. அப்பறம் இந்த பாரை அப்பப்ப கவுத்துப் போடணும். இல்லன்னா ஒரே பக்கமா தேஞ்சிடும்."

பார் என்பது செயின் சுற்றி ஓடுகிற நீட்டு இரும்புப் பட்டை. பாய் 'அப்பப்ப' என்று சொன்னதை நான் 'சனிக்கிழமைதோறும்' என்று எழுதிவைத்துக்கொண்டேன். வாராவாரம் செயினைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, துடைத்து, அரம் போட்டு, எண்ணெய் விட்டு, பாரைக் கவிழ்த்து மாட்டுவேன். என் மனைவி ரீட்டா வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

"எனக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெ தேச்சி விட்டிருப்பீங்களா?"

"உனக்குப் பல்லு மழுங்காதே" என்றேன். (அன்று ராத்திரி எனக்குச் சோறு மட்டும்தான். குழம்பு இல்லை.)

இத்தனைக்கும் அந்த மிஷின் ஏழு மாதத்தில் ஒரு குச்சியைக்கூட அறுக்கவில்லை. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், மரம் எந்தப் பக்கம் சாயும், கீழே யாராவது நிற்பார்களா, வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா என்று நான் கேட்கிற கேள்வியில் அவர்கள் மரத்தின் மேலேயே இரக்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் ரீட்டாவின் தங்கை ஜூலிக்குக் கல்யாணம் வந்தது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்போம். அந்த வீட்டில் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். நான் மட்டும் எப்போதும் எதையோ தொலைத்தவன் மாதிரி நிற்பேன். அதனால் நாலு வருஷமாக மாப்பிள்ளையாக இருந்தும் என்னை நம்பி ஒரு வேலையும் யாரும் தந்ததில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றக்கூட விடமாட்டார்கள்.

ஜூலி மட்டும் வேறு மாதிரி. அவள் நர்சிங் படித்த காலத்தில் தினமும் விடியற்காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டவன் நான். (பஸ் நிற்குமா, சீட் கிடைக்குமா என்று அவளைவிட அதிகமாகப் பதறியவனும் நான்தான்.) அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"மாதா கோயில்ல என் பக்கம் சாட்சிக் கையெழுத்து மாமாதான் போடணும்."

அவள் பெரியப்பாவின் முகம் சுருங்கியது. அவர் ரிட்டையர்டு வாத்தியார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் ஆனாலும் அவர்தான் சாட்சி. எட்டாவது படித்தவன் இடையில் வந்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. பயத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு முழுவதும் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அது வேறு யாருடைய கையெழுத்தோ போல ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குச் சந்து முனையிலிருந்த முருங்கை மரம் மழையில் ஊறிச் சாய்ந்தது. மாமனார் வீடு கருவடிக்குப்பத்தில் ஒரு முட்டுச் சந்துக்குள் இருக்கிறது. பூ ஜோடித்த கார் சந்துக்கு உள்ளே. கோயிலுக்குப் போகிற ரோடு வெளியே. குறுக்கே முருங்கை. பத்து மணிக்குப் பூசை.

முருங்கையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காக்கா கொஞ்சம் பலமாக உட்கார்ந்தால் ஒடிகிற மரம். ஆனால் இது கிழட்டு முருங்கை. அடிமரம் பிரியாணி அண்டா கனம் இருந்தது.

"அலே, அலே!" என்று மாமனார் கை தட்டினார். அவர் அவசரப்பட்டால் பிரெஞ்சு வந்துவிடும். "ரெண்டு அருவா எடுத்தாங்கடா. அரை மணி நேர வேலை."

அப்போது நான் என் வாழ்க்கையிலேயே வீரமான ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"வேணாம் மாமா. நம்மகிட்ட மிஷின் இருக்குது."

உப்பளத்துக்கு வண்டியில் பறந்து மிஷினோடு திரும்பினேன். தலையில் ஹெல்மெட், கண்ணுக்கு ரீட்டாவின் கூலிங் கிளாஸ், காலில் மழைக்கால பூட்ஸ், பட்டு வேட்டிக்கு மேல் பழைய ஜீன்ஸ். சந்தே திரண்டு நின்றது. போட்டோகிராபர்கூட மணப்பெண்ணை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டார். எண்ணெய் பார்த்து, செயின் விறைப்பு பார்த்து, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, அப்புறம் பதினைந்தடி என்று மாற்றி, கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கைதட்டினார்கள். ஏழு மாதப் பராமரிப்பு சும்மாவா?

மரத்தில் வைத்தேன். சத்தம் வந்தது. புகை வந்தது. தூள் மட்டும் வரவில்லை.

அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் புகை வந்தது. எடுத்துப் பார்த்தால், மரத்தில் வைத்த இடம் பாலிஷ் போட்ட மேஜை மாதிரி பழுப்பாக, வழவழவென்று இருந்தது.

"மரம் ஈரமா இருக்குது" என்று அறிவித்தேன். செயின் ஆயில் ஊற்றினேன். புகை இரண்டு மடங்கானது. "பல்லு கொஞ்சம் மழுங்கியிருக்கும்" என்று உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அரம் போட்டேன். மணி ஒன்பதைத் தாண்டியது.

சந்து முனையில் மீன் விற்கும் கன்னியம்மா அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். "ஏம்பா, மரம் அறுக்கிறியா, மரத்துக்கு சாம்பிராணி போடுறியா?"

பெரியப்பா வாட்சைப் பார்த்தார். "மாப்பிள்ளை நிதானமா வரட்டும். கையெழுத்த நான் போட்டுக்கிறேன்" என்று சொல்லி, இரண்டு பேனாவில் எது நன்றாக எழுதுகிறது என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

மிஷினை அணைத்து மறுபடி அரத்தை எடுத்தேன். கன்னியம்மா அக்கா குனிந்து, ஒரு மீனின் செவுளைப் பார்ப்பது போல் செயினைப் பார்த்தார்.

"ஏம்பா, இந்தப் பல்லு எல்லாம் இன்னாத்துக்கு உன்னைப் பாத்துக்கினு இருக்குது? மரத்தை இல்ல பாக்கணும்?"

"அக்கா, இது மிஷின் விஷயம். மீன் வெட்டற கத்தி இல்ல."

"கத்தியோ மிஷினோ, கூர் இருக்கிற பக்கம்தானப்பா வெட்டும்? முதுகால வெட்டுனா எனக்கு சங்கரா மீனு கூட வெட்டுப்படாது."

பார்த்தேன். போன சனிக்கிழமை கல்யாண அவசரத்தில் செயினைத் தனியாகக் கழற்றாமல், பாரோடு சேர்த்து, தோசையைத் திருப்புவது போல ஒரே திருப்பாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். பாரும் திரும்பியது, கூடவே திரும்பக்கூடாத செயினும் திரும்பியது. அக்கறையே இல்லாத ஒருவன் அந்த மிஷினை ஏழு மாதம் மூலையில் போட்டிருந்தால் அது அன்றைக்கு அழகாக அறுத்திருக்கும்.

கழற்றலாம் என்றால் செயின் கொதித்தது. பொறுக்கமுடியாத அவசரத்தில் மூடியைக் கழற்ற, ஒரு நட்டு துள்ளிச் சேற்றில் விழுந்தது. சந்தே குனிந்து நட்டைத் தேடியது. சொல்தா மாமனார், மெடல் குத்திய கோட்டோடு, மண்டியிட்டுத் தேடினார்.

அப்போது வெள்ளைப் பட்டில் ஜூலி வெளியே வந்தாள். புகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் சொருகி, முருங்கை மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் அந்தப் பக்கம் போட்டுக் குதித்தாள். கன்னியம்மா அக்காவின் தம்பி மீன் இறக்கிய லோடு ஆட்டோ நின்றிருந்தது. மணப்பெண் முன் சீட்டில் ஏறினாள். மாமனார் பின்னால் ஐஸ் பெட்டியின் மேல் அணிவகுப்பில் நிற்பது போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியப்பா பேனாக்களோடு ஏறினார்.

ரீட்டா மட்டும் திரும்பி, "கோயிலுக்கு வருவீங்களா, இல்ல இங்கயே குடித்தனமா?" என்று கேட்டுவிட்டு மரத்தைத் தாண்டினாள்.

சந்து காலியானது. நட்டு என் பூட்ஸுக்கு அடியிலேயே இருந்தது. செயினைச் சரியாக மாட்டி மரத்தில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது! நாலு நிமிஷத்தில் மரம் ஆறு துண்டு. அந்தச் சாதனையை நேரில் கண்டது ஒரு வெள்ளாடு. அதுவும் முருங்கைக் கீரைக்காக வந்தது.

ஹெல்மெட்டோடு கோயிலுக்குள் ஓடினேன். பூசை முடிந்து, பீடத்துக்குப் பக்கத்தில் ரெஜிஸ்டர் விரித்திருந்தது. பையன் வீட்டுச் சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். பெரியப்பா பேனா மூடியைக் கழற்றிக் குனிந்துவிட்டார்.

ஜூலி திரும்பிப் பார்த்தாள். என் ஹெல்மெட்டில் மரத்தூள், உடம்பெல்லாம் பெட்ரோல் வாடை.

"பெரியப்பா, பேனாவ மாமாகிட்ட குடுங்க."

"நேரமாச்சும்மா. சாமியார் நிக்கிறாரு."

"நிக்கட்டும்."

பூசை வைத்த சாமியார் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் இடது கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு எழுத்து விடாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். நோட்டில் போட்ட எல்லாவற்றையும் விட அழகாக வந்தது. பெருமையாகக் கையை எடுத்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், செயின் ஆயிலில், என் இடது கட்டைவிரல் ரேகை ஒன்று விடாமல் கரேலென்று பதிந்திருந்தது.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். அன்று முதல்முறையாகச் சிரித்தார். "கையெழுத்தும் போட்டு கைநாட்டும் வச்சது இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா."

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், ரீட்டாவை அழைத்து முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும்கூட வந்துடணும்" என்பார்கள். நானும் என் கைநாட்டும். மிஷின் இப்போதும் கடையில் நன்றாக ஓடுகிறது. பாரைக் கவிழ்க்கிற வேலையைச் சலீம் பாயிடமே விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஜூலியும் அவள் வீட்டுக்காரரும் பிரான்சுக்குப் போவதற்காக, கோயில் ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஒரு ஆபீஸில் கொடுத்தார்களாம். ஜெராக்ஸில் என் ரேகை இன்னும் தெளிவாக விழுந்திருக்கிறது. அங்கிருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சாட்சி போதுமே, மூணாவதா கைநாட்டு வச்சிருக்காரே, இவரு யாரு?" என்று கேட்டாராம்.

ஜூலி யோசிக்கவே இல்லையாம்.

"அவரும் எங்க மாமாதாங்க."