டாக்டரம்மாவுக்குத் துப்புக் கொடுத்தது யார்?

தூத்துக்குடி

அன்புள்ள மைத்துனன் சுடலைக்கண்ணனுக்கு,

'அன்புள்ள' என்பது கடிதத்துக்கு வேண்டுமென்று போட்டது. மகள் காதுகுத்து அழைப்பிதழில் என் பெயரைக் கடைசி வரியில் அச்சடித்தவனோடு போனில் பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். சாத்தான்குளத்தில் நீ நலம் என்று உன் அக்கா சொன்னாள். நான் நலமில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

மாசக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ஆபீஸில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று உன் அக்கா என்னை டாக்டர் ஜெப்ஸியிடம் இழுத்துப்போனாள். மனச்சோர்வாம். பழைய வகை மாத்திரை ஒன்று நன்றாகக் கேட்கும், கொடுக்குமுன் சில விவரம் வேண்டும் என்று அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். "கண்ணுல பிரஷர்னு சொட்டு மருந்து விடுதியளா?" விடுகிறேன். "ஒண்ணுக்குப் போகச் சிரமமா இருக்கா?" இருக்கிறது. "நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில படுத்தியளா?" படுத்தேன். "குடிப்பியளா?" சனிக்கிழமைகளில். முதல்முறை பார்க்கிற அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? துறைமுகத்தில் சரக்குக் காகிதம் பார்த்தே தலை நரைத்தவன் நான். அடுக்கிக் கிடக்கிற கண்டெய்னர்களில் கஸ்டம்ஸ்காரர் நேராக ஒன்றைக் காட்டித் திறக்கச் சொன்னால், எவனோ துப்புக் கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். இங்கே நாலு கண்டெய்னர், நாலும் என்னுடையது. உன் அக்கா அங்கே வாயே திறக்கவில்லை. அவள் போனில் ஒப்பிப்பதைக் கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தான். உன் துப்பு பொய்யாகட்டும் என்று நாலுக்கும் 'இல்லை' என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "மறைக்காதிய. இதுல ஒண்ணு இருந்தாலும் சொல்லிரணும். கண்ணு கெட்டுரும், ஒண்ணுக்கு அடைச்சுக்கும், நெஞ்சுத் துடிப்பு தப்பிரும். குடிச்சிட்டுப் போட்டா எந்திரிக்க மாட்டிய."

"மறைக்க என்ன கெடக்கு?" என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரை அட்டை மேசைமேல் இருக்கிறது. போட்டால் கண் போகும், போடாவிட்டால் இன்றைக்கும் முழித்துக் கிடப்பேன். இந்தப் புண்ணியம் உன்னைச் சேர்ந்தது.

உன் மனைவி முத்துச்செல்விக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசி. மிச்சமிருந்தால் உனக்கும்.

இப்படிக்கு,
பால்துரை

பின்குறிப்பு: கவர் வாங்கப் போனபோது பக்கத்து மருந்துக்கடை அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். அதே நாலு கேள்வியைச் சொல்லுகிறார். "இந்த மாத்திரைக்கு எல்லாருகிட்டயும் கேக்கதுதான். கேக்காம குடுக்கக் கூடாதுல்லா." ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. அதுவரை மாத்திரையைத் தொடமாட்டேன். டாக்டரிடம் உள்ளதை நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். நீ சொன்னால் கோள் சொன்னவன், அவ்வளவுதானே. உனக்கு அது பழக்கம்.