காது கேளாதோர் பள்ளியின் ஹாரன்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதிகம் சத்தம் போடுகிற மனிதர், அந்தச் சத்தம் யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கேட்காத இடத்தில் வேலை பார்க்கிறார். பீளமேட்டில் ஒரு பழைய மில்லுக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது எங்கள் காது கேளாதோர் பள்ளி. அதன் வேன் டிரைவர் அவர். பள்ளிப் பதிவேட்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. ஆனால் ஆசிரியைகளுக்கு அவர் ஹாரன் அண்ணன்தான்.

ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு முன்னாலும் நிறுத்தி, நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு என்று அடிப்பார். நாய்கள் குரைக்கும். தொட்டில் குழந்தைகள் அலறும். அடுத்த தெருவில் பல் தேய்க்கிறவர் எட்டிப் பார்ப்பார். வரவேண்டிய பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் கேட்காது. துணைக்கு வேனில் போகும் நான் தினமும் காதைப் பொத்திக்கொள்வேன்.

"ஏனுங்ணா, காது கேக்காத புள்ளைக்கு எதுக்குங்க இத்தனை ஹாரன்?"

"அது அப்படித்தானுங்க டீச்சர்."

ஆறு வருடம் கேட்டேன். ஆறு வருடமும் அதே பதில்தான்.

வேனுக்குள் அவர் வேறு ஆள். எல்லா வண்டியிலும் டிரைவர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கும். இவர் மூன்று வைத்திருந்தார். பின்னால் பிள்ளைகள் கையால் பேசுவது ஒன்று விடாமல் தெரிய வேண்டுமாம். ஓட்டும்போது ஒரு கையால் பதில் சொல்வார். சிக்னல் விழுந்தால் இரண்டு கையும் கிளம்பிவிடும். சிவப்பு விளக்கைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே டிரைவர் அவராகத்தான் இருப்பார். பச்சை விழுந்து, பின்னால் அவிநாசி ரோடே ஹாரன் அடிக்கும். பேச்சு சுவாரசியத்தில் அவருக்கு ஒன்றும் காதில் விழாது.

எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். ஆளிடம் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். தலைமை ஆசிரியைக்குக் கொண்டை. எனக்கு மூக்கு, அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை. அவருக்கு, நெற்றிக்கு மேல் கையைத் தூக்கிக் கண்ணாடியைச் சற்றுத் திருப்புவது போல ஒரு சைகை. அவர் சத்தக்காரர் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிறகு கொரோனா வந்தது. பள்ளியை மூடினார்கள். பாடமெல்லாம் போனில் என்று உத்தரவு. ஒரு கையில் போனைப் பிடித்தால் மிச்சம் ஒரு கைதான், அதாவது பாதி வாய்தான். ஸ்டூல் மேல் போனைக் கட்டி வைத்தோம். முகம் தெரிந்தால் கை தெரியவில்லை, கை தெரிந்தால் தலை இல்லை. நடுவில் நெட் நின்றால் என் கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து வேறு ஏதோ அர்த்தம் எடுத்துக்கொண்டு சிரிக்கும்.

முகக்கவசத்தில் எனக்கு ஒரு லாபம், என் பெயர் மறைந்தது. ஆனால் வாயசைவும் மறைந்துபோனதே! பாடத்தை வீடியோ எடுக்க நாங்கள் சிலர் மட்டும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தோம். தலைமை ஆசிரியை, வாய் தெரிகிற மாதிரி நடுவில் பிளாஸ்டிக் வைத்த கவசம் தைத்து வரவழைத்தார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அது மூச்சுப் பட்டு மங்கிவிடும்.

"இதுக்குப் போயிங்க!" என்றார் ஹாரன் அண்ணன். மழைக்காலத்தில் வண்டிக் கண்ணாடி மங்காமல் இருக்க டிரைவர்கள் புகையிலையைத் தேய்ப்பார்கள். அதே வைத்தியத்தைத் தலைமை ஆசிரியையின் கவசத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் செய்துவிட்டார். அம்மையார் பின்னப் பாடத்தில் அரையையும் காலையும் கூட்டும்போது தலை சுற்றி உட்கார்ந்தார். மறுநாள் அண்ணன் புகையிலைக்குப் பதில் உருளைக்கிழங்கைத் தேய்த்தார். மங்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு நடுவில் செல்வி காணாமல் போனாள். ஒன்பதாம் வகுப்பு, சோமனூர் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். வேனில் ஏறினால் இறங்கும்வரை கை ஓயாது அவளுக்கு. முதலில் தினமும் போனில் வந்தாள், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு வரவே இல்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டால், "தறிக்கு நூல் சுத்தறாளுங்க, இனிப் படிப்பு வேண்டாமுங்க," என்று வைத்துவிட்டார்.

பாடத் தாள்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பது அப்போது ஹாரன் அண்ணனின் வேலை. நானும் அவரோடு சோமனூருக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு பிள்ளையின் வீட்டு முன்னால் ஹாரன் அடித்துத் தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம், நீலாம்பூரில் போலீஸ்காரர் மறித்தார். "ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்குய்யா ஹாரன் அடிச்சுட்டு வர்றே?" என்றார். அவருக்கும் அதே பதில்தான்.

கொட்டகையில் தறிச் சத்தம் மண்டையைப் பிளந்தது. செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் திரும்பினாள். ஹாரன் அண்ணனைப் பார்த்ததும் கை நெற்றிக்குப் போனது. ஆனால் அவர் பெயரைக்கூட முழுசாகச் சொல்லாமல் பாதியில் இறக்கிவிட்டாள். ஓயாத அந்தக் கை மறுபடி நூலுக்குப் போனது.

அப்பா எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார். "பள்ளிக்கூடத்துல மட்டும் பேசி என்னங்க டீச்சர் பண்றது? ஊட்டுல அவகிட்ட யாரு பேசறது? அந்தக் கைப்பாசை எங்களுக்குத் தெரியாதுங்க."

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி இரண்டு விரலைக் காட்டி, கத்தரிப்பது போல அசைத்தார். இரண்டாம் தறியில் இழை அறுந்துவிட்டது. இவர் உள்ளங்கையைக் கவிழ்த்தார். நிறுத்து. அந்தம்மா கட்டை விரலை வாயருகே கொண்டுபோனார். இவர் மூன்று விரல் காட்டினார். எங்கள் இருவருக்கும் தனக்கும் டீ!

"ஏனுங்க," என்றார் ஹாரன் அண்ணன், "இப்பத்தான் தெரியாதுன்னீங்க?"

"இது தறிப் பேச்சுங்க. தறி ஓடறப்பக் காது கேக்காதுங்களே."

சொல்லிவிட்டு அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஹாரன் அண்ணன் வேனுக்குப் போய் ஒரு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். செல்விக்கு எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டி, பின்னால் நிற்கிற அப்பாவும் அம்மாவும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். சிறிது நேரம் கழித்து அந்தம்மா கண்ணாடியைப் பார்த்து, தயங்கித் தயங்கி, கட்டை விரலை வாயருகே கொண்டுபோனார். செல்வி நான்கு விரல் காட்டினாள். தனக்கும் சேர்த்து.

திரும்பும்போது எனக்குக் கோபம். "பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரச் சொன்னா, தறிக்கொட்டாயிலயே சவுரியம் பண்ணிக் குடுத்துப்போட்டு வாரீங்களே!"

"பேச ஆரம்பிச்சாப் போதுமுங்க டீச்சர். மிச்சத்தை அவளே பாத்துக்குவா."

பத்து நாளில் அப்பாவிடமிருந்து போன். "பள்ளிக்கூடம் எப்பங்க தொறப்பீங்க? காலைல இருந்து கண்ணாடியைப் பாத்து ஒரே சண்டைங்க. கையைத் திருப்பித் திருப்பிப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம்ங்கறா. வேலையே ஓட மாட்டேங்குது. கூட்டிட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஒருவழியாகப் பள்ளியைத் திறந்தார்கள். முதல் நாள் செல்வி வீட்டு முன்னால் வேன் நின்றது. நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு. நாய் குரைத்தது. வழக்கம்போல நான் காதுக்குக் கையைக் கொண்டுபோனேன். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வியின் அம்மா நிமிர்ந்து, உள்ளே திரும்பி, ஈரக் கையை நெற்றிக்கு மேல் தூக்கிக் கண்ணாடியைத் திருப்புவது போலக் காட்டினார். செல்வி பையோடு ஓடி வந்தாள்.

"ஹாரன் புள்ளைங்களுக்கு இல்லீங்க டீச்சர்," என்றார் ஹாரன் அண்ணன், ஆறு வருடம் கழித்து. "ஊட்ல இருக்கறவங்களுக்கு. வண்டி வந்துருச்சுன்னு அவங்கதான அந்தப் புள்ளைக்குச் சொல்லோணும்? ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையாச்சும் பேசோணுமில்லீங்க."

அடுத்த வீட்டில் அவர் இன்னும் பலமாக அடித்தார். என் கைகள் மடியிலேயே இருந்தன.