உயிரோடிருப்பதற்குச் சாட்சி

“அம்மா, லிஸ்ட்படி நீங்க இறந்துட்டீங்க” என்றார் ஜெபமணி.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பார்வதி கோபப்படவில்லை. “அப்படித்தான் சொல்றாங்க சார்” என்றாள் மெதுவாக.

புனேயில் கட்கி ரேஷன் ஆபீசுக்குக் கார்டு வேலையாக வருகிற எல்லாரிடமும், ‘வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கணுமா?’ என்று கேட்க வேண்டும் என்பது அந்த வருடத்து உத்தரவு. மாற்றலாகி வந்த ஜோரில் கிளார்க் ஜெபமணி கேட்டுவைத்தார். பார்வதி முகவரி மாற்ற வந்தவள்.

“பக்கத்து வீட்டுக்காரங்க யாரையாச்சும் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. சேர்த்துடறேன்.”

மறுநாள் விசாலம் வந்தாள். பட்டியலைப் புரட்டினார். விசாலமும் இறந்திருந்தாள்.

“தெருவுல பெரிய மனுஷங்க யாரும் இல்லையா?”

மளிகைக்கடை அமீர் அலி வந்தார். அவரும் இறந்தவர். தான் இருப்பதை நிரூபிக்க அவர் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தார்.

அன்று காலையிலேயே பனிமூட்டம், கரண்டும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபமணி ஒவ்வொரு பெயராகத் தேடினார். எல்லாவற்றின் மேலும், இறந்தவர் என்பதற்கான சிவப்புக் கோடு. வரிசையில் யாரும் முண்டவில்லை, சத்தம் போடவில்லை. ரேஷன் ஆபீசில் இப்படியொரு வரிசையை அவர் தன் சர்வீசில் கண்டதில்லை.

“எல்லாரும் எங்க குடியிருக்கீங்க?” என்று மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தார்.

“கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால சார்.”

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். ஜன்னலில் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. ஸ்டூலில் ஏறி, கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக் குனிந்து பார்த்தார். கீழே பனிதான் தெரிந்தது. தலை திரும்பி வர மறுத்தது.

அமீர் அலியின் கை அவர் தாடையைப் பிடித்து உள்ளே தள்ளியது. ஐஸ்கட்டி போலிருந்தது அந்தக் கை. ஜெபமணி ஸ்டூலோடு சாய்ந்தார்.

டீ கொண்டுவந்த ஆபீஸ் ஆயா மும்தாஜ் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“அவங்க... அத்தனை பேரும் செத்தவங்க” என்று ஜன்னலைக் காட்டினார்.

மும்தாஜ் சிரித்துவிட்டாள். அமீர் அலியிடம் ஒரு கிளாஸை நீட்டினாள். அவர் குளிருக்கு இதமாக ஊதி ஊதிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஜெபமணிக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

“செத்தது இவங்க இல்ல சாஹேப்” என்றாள் மும்தாஜ். “உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தாரே, அவருதான். அடக்கம் பண்ணின மறுவாரம் வந்து, இதே நாற்காலியில உட்கார்ந்துதான் அந்தக் கோடெல்லாம் போட்டாரு.”