பாலத்தில் சண்டை நடக்கவில்லை

போர்க்களம் பார்க்கக் கிளம்புகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சுற்றுலாப் பயணி வேறு, இவர் வேறு. தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். போகிற இடத்தில் நிழல் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, குழந்தைக்கு ஐஸ்கிரீம் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிற சாதாரண ஜீவன் சுற்றுலாப் பயணி. இவரோ அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று விசாரிப்பார். எண்ணிக்கை குறைவாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். அந்த இடம் பட்டியலிலிருந்து போய்விடும்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கால்சட்டையில் எங்கு பார்த்தாலும் பைகள் இருக்கும், ஒன்றிலும் பர்ஸ் இருக்காது. துருப்பிடித்த பீரங்கியைக் கண்டால் கறவை மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தட்டுத் தட்டுவார். செத்துப்போன தளபதிகளையெல்லாம் பரீட்சையில் கோட்டைவிட்ட பையன்களாக நினைத்துக்கொண்டு, "அங்கதான் தப்புப் பண்ணிட்டாங்க" என்று தலையை ஆட்டுவார். ஜெயித்த சண்டை என்றால் "நாம", தோற்ற சண்டை என்றால் "அவங்க". "நாம இடதுபக்கமா வளைச்சோம்" என்பார். வளைத்தபோது இவர் பிறக்கவே இல்லை, இவருடைய அப்பாவுக்கு மீசை முளைக்கவில்லை. அதனால் என்ன? வளைத்தோம் என்றால் வளைத்தோம்.

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். நாங்கள் பிளைவுட் விற்கிறவர்கள். அவர் விற்பனைப் பிரிவுக்கு மேலாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கர்னல். அது அவர் காதுக்கு எட்டிய அன்று கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். ஆனால் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். கடையில் எடுத்த சட்டை இறுக்கமாகப் போனால், மாற்றிக் கேட்க மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுத் தெருமுனையில் நிற்கிற வீரர் இவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கர்னல் குடும்பத்தோடு போர்க்களங்களைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டே நாள் பயணம்தான், ஆனால் அதற்குத் திட்டம் போட்ட கூத்து ஒரு பருவமழைக்காலம் முழுக்க நடந்தது. சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரித்தாகிவிட்டது. உப்பு டப்பா பீரங்கிப் படை, டீ வடிகட்டி விமானப்படை, கரண்டிகளெல்லாம் காலாட்படை. வீட்டில் உள்ளவர்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஒருநாள் மனைவி அவசரத்துக்கு உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "முன்னணியே உடைஞ்சுபோச்சு" என்று கர்னல் அன்று இரவு முழுக்கப் பேசவில்லையாம். மனைவி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

அந்த மனைவிதான் வண்டி ஓட்டுகிறவர். பின்வாங்குவது தனக்குப் பிடிக்காது என்று கர்னல் சொல்வார். அவருக்கு ரிவர்ஸ் எடுக்க வராது என்று மனைவி சொல்வார்.

இப்போது பூகோளத்தைக் கவனியுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. நடுவில் ஓர் ஆறு. இந்தப் பக்கம் ஒரு குன்றும் ஒரு துறைமுகமும். அந்தப் பக்கம் ஒரு கோட்டையும் ஒரு நினைவுத் தூணும். இரண்டு கரைக்கும் ஒரே பாலம். மூளை சரியாக இருக்கிற யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்து இரண்டையும் பார்த்துவிட்டு, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து இரண்டையும் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். மனைவியும் அதைத்தான் சொன்னார்.

"அப்படிப் போனா, போர் முன்னுக்குப் பின்னா ஆயிடும். எது முதல்ல நடந்துச்சோ அதைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார் கர்னல்.

வரலாற்றில் முதலில் விழுந்தது குன்று, பிறகு கோட்டை, அதற்குப் பிறகு துறைமுகம், கடைசியில் போர் முடிந்த இடம், அதாவது நினைவுத் தூண். ஆகவே வண்டியும் அதே வரிசையில்தான் போகும் என்று முடிவானது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் நான்கு தடவை பாலத்தைச் சுற்றி மூக்கைத் தொட்டவர்.

அந்த வண்டியில் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கர்னலுடைய மாமனார். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கேயும் கூட வர மாட்டேன் என்கிற மனிதர், இந்தப் பயணத்தைக் கேள்விப்பட்டதும் நானும் வருகிறேன் என்று தானாகவே சொன்னார். கர்னலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, கேட்டுக்கொண்டு வர ஓர் ஆள் கிடைத்ததே என்று. காரணத்தை மாமனார் மகளிடம் மட்டும் சொன்னார். அந்தப் போரில் ஊரே ஓடிக்கொண்டிருந்த நாளில், அந்தப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில், அவருடைய அம்மா விழுந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. அவருக்கு அப்போது ஐந்து வயது. பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விட்டது. பிறகு அவர் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. அந்த வழித்தடத்தில் டூட்டி போட்டால்கூட வேறு யாரிடமாவது மாற்றிக்கொண்டுவிடுவாராம். இப்போது வயதாகிவிட்டது, ஒரு தடவை இறங்கி நின்றுவிட்டு வரலாம் என்று தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

மகள் இதைக் கணவரிடம் சொன்னார். கர்னல் வரைபடத்தைப் பார்த்தார், டீ வடிகட்டியை நகர்த்தினார், உண்மையாகவே யோசித்தார்.

"பாலத்துல சண்டையே நடக்கலையே" என்றார்.

நடக்காத இடத்தில் நிறுத்தி என்ன பார்ப்பது? வருத்தத்தோடுதான் கேட்டாராம். வழியில்தானே இருக்கிறது, தோதுப்பட்டால் நிறுத்தலாம் என்றும் சொன்னார். தோதுப்பட்டால் என்கிற சொல்லை யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குன்று முடிந்து கோட்டைக்குப் போகும்போது முதல் தடவை பாலம் வந்தது. மாமனார் முன்னால் சாய்ந்து, இங்கே கொஞ்சம் என்று ஆரம்பித்தார். நாம் இப்போது முன்னேறிக்கொண்டிருக்கிறோம், திரும்பும்போது பார்க்கலாம் மாமா என்றார் கர்னல். திரும்பும்போது துறைமுகத்தில் பீரங்கி மேடையை மூடிவிடுவார்கள் என்று அவசரம். மறுநாள் மூன்றாவது தடவை தாண்டும்போது நினைவுத் தூணின் மேல் வெளிச்சம் போய்விடும், படம் சரியாக வராது. சாலை தானாகவே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது, கர்னல் இறங்க விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆயுள் முழுக்க விசில் ஊதி ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்திக் கொடுத்த மனிதர், ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நான்காவது தடவை வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி யாரையும் கேட்கவில்லை. ஓரம் கட்டினார், இன்ஜினை அணைத்தார், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அங்கே இப்போது இருப்பது ஒரு டயர் கடை. மாமனார் இறங்கி, கடையின் சுற்றுச்சுவர் வரை நடந்து, அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பஞ்சரா ஐயா என்று கடைக்காரர் கேட்டதற்கு, இல்லை, சும்மா என்றார். அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கலாம். நீங்களும் நானும் விட்டிருப்போம் என்று நம்ப ஆசைப்படுகிறேன். கர்னல் இறங்கி வந்தார். விளக்கம் சொல்லாமல் ஒரு மனிதர் சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. என்ன ஆயிற்று அன்று என்று கேட்டார். விமானம் வந்தது, எல்லோரும் ஓடினோம் என்று மாமனார் சொல்லத் தொடங்கினார்.

"விமானமா? இருக்காதே மாமா. அன்னைக்கு மேகமூட்டம், ஒண்ணுகூடக் கிளம்பல. பதிவு இருக்கு."

மாமனார் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இருக்கும் மாப்பிள்ளை. எனக்கு அப்ப அஞ்சு வயசுதானே" என்றார்.

அதற்குப் பிறகு வண்டியில் ஏறிவிட்டார். வீடு வரும்வரை மகள் பேசவில்லை. கர்னல் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, கர்னலேதான். பெருமையாகத்தான் சொன்னார். மதிய இடைவேளையில் எங்களையெல்லாம் கூட்ட அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் படம் காட்டினார். குன்று, கோட்டை, பீரங்கியைத் தட்டிக்கொடுக்கிற கர்னல், தூணுக்கு முன்னால் விறைப்பாக நிற்கிற கர்னல். கடைசிப் படம், மாமனார் வண்டியில் ஏறுமுன் கடைக்காரரை விட்டு எடுத்தது: டயர் கடைச் சுவர். அதன் முன்னால் மாமனாரின் தோளில் கைபோட்டுக்கொண்டு கர்னல் நிற்கிறார். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "எந்தப் புத்தகத்திலும் இல்லாத இடம். நேரில் கண்ட சாட்சியுடன்." சாட்சி சொன்னதை மறுத்தவரும் இவர்தான், சாட்சியோடு படம் எடுத்துக்கொண்டவரும் இவர்தான். இந்த இடத்தைத் தாமே கண்டுபிடித்ததாகவும், அடுத்த பயணத்தில் அது முக்கிய நிறுத்தம் என்றும் அறிவித்தார். மாமனார் இனிமேல் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். வயசாயிடுச்சுல்ல என்றார் கர்னல்.

விளக்கைப் போட்டவுடன் கூட்ட அறையில் விவாதம் சூடுபிடித்தது. கணக்குப் பிரிவு, விமானம் வந்திருக்கும் என்றது. கிடங்குப் பொறுப்பாளர், மேகமூட்டத்தில் அந்தக் காலத்து விமானம் எழும்பாது என்று அடித்துப் பேசினார். ஒருவர் கைபேசியில் தேடத் தொடங்கினார். இடைவேளை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் கர்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தீர்கள். சந்தோஷம். உண்மையைச் சொல்லுங்கள், விமானம் வந்ததா வரவில்லையா என்பதுதானே உங்களுக்கும் இப்போது தெரிய வேண்டும்? அம்மா விழுந்த பிறகு அந்த ஐந்து வயதுப் பையன் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினான் என்று எங்கள் கூட்ட அறையில் ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா?

தோன்றவில்லையென்றால் ஒன்றும் பாதகமில்லை. அடுத்த பயணத்துக்கு வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மாமனார் உட்கார்ந்திருந்த இடம். ஏறிக்கொள்ளுங்கள். கர்னலுக்கும் கேட்டுக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும்.