வாசல் விளக்கு அணைப்புத் தீர்மானம்

மொன்றியல் மாநகரில் பேய்களின் விடயத்தை இவ்வளவு பொறுப்போடு கையாண்ட சமூகம் எங்களுடையதைத் தவிர வேறொன்றுமில்லை என்று துணிந்து சொல்வேன். மற்றச் சனங்கள் ஒக்டோபர் கடைசியில் ஒரு பூசணிக்காயை வாங்கி, கண் மூக்கு வெட்டி, வாசலில் வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். கூட்டமில்லை, விவாதமில்லை, தலைமையுரைகூட இல்லை. நாங்கள் அப்படியல்ல. ஹலோவீனைக் கொண்டாடலாமா என்பதைத் தீர்மானிக்க எங்கள் ரொக்ஸ்பரோ தமிழர் பண்பாட்டுக் காப்பு மன்றம் விசேட பொதுக்கூட்டமே கூட்டியது. மன்றத்தின் செயலாளர் அடியேன்தான்.

கூட்டத்துக்கு உடனடிக் காரணம் என் மகள் ஆர்த்திகா. எட்டு வயது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, இந்த முறை எங்கட வீட்டிலயும் வாசல் லைட் போட்டு இனிப்புக் குடுப்பமா?"

"ஏன் பிள்ளை?"

"ஒவ்வொரு வருசமும் நான் என்ர சிநேகிதி மத்தில்ட் வீட்டை போறன். அவ வந்தா எங்கட வீடு இருட்டு. இந்த முறை லைட் இருக்கும் எண்டு வகுப்பில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

முன் அனுமதி பெறாமல் வாக்குக் கொடுத்திருக்கிறாள். பண்பாடு சம்பந்தப்பட்ட விடயத்தை ஒரு வீட்டுக்குள் தீர்க்க முடியுமா? "மன்றம் முடிவெடுக்கட்டும்" என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஆறு மணிக் கூட்டம் வழமைபோல ஏழரைக்கு 'குறித்த நேரத்தில்' ஆரம்பமானது. மங்கள விளக்கேற்றி, இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். அதன்பிறகு, இறந்தவர்களின் பெயரால் ஒரு கொண்டாட்டம் தேவையா என்ற விவாதத்தைத் தலைவர் அருமைராசா தொடக்கிவைத்தார்.

"பேய் எங்கட பண்பாடில்லை" என்றார்.

திருகோணமலைக்காரரான சூசைப்பிள்ளை எழும்பினார். "அண்ணை, சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு நாங்கள் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறம். இவை பூசணிக்காய்க்குள்ள கொளுத்தினம். இதில என்ன பிழை?"

"பூசணிக்காயைக் குடைஞ்சு எறியிறது பிழை" என்றார் உபதலைவி நல்லம்மா. "அரைவாசியாவது கறிக்கு எடுக்கலாம்."

பலத்த கைதட்டல். அந்த உற்சாகத்தில் தலைவர், "எங்கட பிள்ளையள் ஆராவது அண்டைக்கு வீடு வீடாப் போறவையோ?" என்று கேட்டுவிட்டார். எல்லாருடைய பிள்ளைகளும் போகிறவர்கள்தான். அவர்கள் பை நிறையக் கொண்டுவருகிற சொக்லேற்தான் தைப்பொங்கல் தாண்டியும் எங்கள் வீடுகளில் தேத்தண்ணிக்குக் கடி. இந்தக் கூட்டத்திலேயே, போன வருசத்து மிச்சம் ஒரு தட்டில் சுற்றிவந்துகொண்டிருந்தது.

தலைவர் தட்டில் ஒன்றை எடுத்து, உரித்து, வாயில் போட்டு, யோசித்தார். தலைமைத்துவம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"வாங்கிறதில ஒரு பண்பாடும் கெடாது. குடுக்கிறதுதான் ஆபத்து. பேய்க்கு ஒருக்காக் குடுத்தா வருசாவருசம் வரும்."

"அப்ப எங்கட வாசலுக்கு வாற பிள்ளையள் எல்லாம் பேயோ?" என்றார் சூசைப்பிள்ளை.

"எங்கட பிள்ளையள் வேசம் போட்ட பிள்ளையள். அது எங்களுக்குத் தெரியும். மற்றதுகளைப் பற்றி எப்பிடி உறுதியாச் சொல்லுறது?"

'வாங்கலாம், குடுக்கக் கூடாது' என்ற தீர்மானம் நிறைவேறியது. சூசைப்பிள்ளை மட்டும் கை உயர்த்தவில்லை. 'நடுநிலை' என்று போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தலைவரின் வாசகத்தை ஆர்த்திகாவுக்கு வரி பிசகாமல் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. நடைமுறை விதிகளை நானே வகுத்திருந்தேன். ஐந்து மணிக்கு வாசல் விளக்கை அணைக்கவேண்டும். காரை அடுத்த தெருவில் விடவேண்டும். தொலைக்காட்சிக்குச் சத்தம் கூடாது. மீன் பொரிக்கவே கூடாது, வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அமுலாக்கத்தை மேற்பார்வை செய்யத் தலைவரே என் வீட்டுக்கு வந்தார். அவருடைய வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு, ஒளிக்க வசதியில்லை.

ஆர்த்திகா வெள்ளைச் சீலையில் பேயாகி, அதற்கு மேலே குளிர்ஜக்கெற்றும் போட்டு, என் மனைவி லோஜினியோடு புறப்பட்டாள். கதவடியில் வாசல் விளக்கின் ஆளியைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"மத்தில்டோட நாங்கள் வரேக்க லைட் இருக்கும்தானே அப்பா?"

"பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவர்கள் போனதும் நானும் தலைவரும் சோபாவுக்குப் பின்னால் நிலத்தில் அமர்ந்தோம். கதவு தட்டப்பட்டது. மூச்சைப் பிடித்தோம்.

"போயிட்டுதுகளோ?"

"இல்லை அண்ணை, நிக்குதுகள்."

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கைத்தொலைபேசியில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கத் தொடங்கின. கெட்டிமேளம். வெளியே பிள்ளைகள் வீரிட்டுக் கத்திக்கொண்டு ஓடி, பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மத்தில்டின் குரல் பிரெஞ்சில் கேட்டது. "உள்ளே ஆரோ இருக்கினம். ஆர்த்திகா, இது உன்ர வீடுதானே?"

என் மகள் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். எனக்கு அந்த மொழி அரைகுறை. அந்த இரண்டு வசனமும் விளங்காமலே போயிருந்தால் நல்லது.

"இல்லை. இது என்ர வீடில்லை."

"என்ன சொல்லுது பிள்ளை?" என்றார் தலைவர் கிசுகிசுப்பாக.

"இது தன்ர வீடில்லையாம்."

"பாத்தீரே, தீர்மானம் வேலை செய்யுது."

நான் எழும்பிப் போய் ஆளியைப் போட்டேன். வாசல் வெளிச்சத்தில் ஈர இலைகள்தான் கிடந்தன. பிள்ளைகள் தெருக்கோடியில் திரும்பிவிட்டார்கள்.

பிறகு ஆர்த்திகா லோஜினியோடு வந்தாள். எரிந்துகொண்டிருந்த விளக்கை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பையை மேசையில் வைத்தாள். தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த தலைவர் அன்பாகக் கையை நீட்டினார்.

"எங்க, மாமாவுக்கு ஒண்டு தாங்கோ."

அவள் பையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குடுக்கக் கூடாது. பேய்க்கு ஒருக்காக் குடுத்தா வருசாவருசம் வரும்."

பிள்ளை பகிடி விடுகிறாள் என்று தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டு நின்றது என்னைத்தான்.