ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி

பூதக்கண்ணாடி மாமா சந்தேகப்படாத பொருள், ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய பூதக்கண்ணாடி.

ஓர் அங்குலத் துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று விசைத்தறிக்காரர்கள் எண்ணிப் பார்க்கும் சின்னப் பித்தளைக் கண்ணாடி அது. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். மற்றவர்கள் அதைத் துணிமேல் மட்டும் வைப்பார்கள். மாமா பஸ் டிக்கெட் மேல் வைப்பார், ஓட்டல் இட்லி மேல் வைப்பார். மகள் ரேவதிக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளையின் போட்டோமேலும் வைத்தார்.

"புள்ளி புள்ளியா கீது. இது போட்டோ இல்ல, ஜெராக்ஸு. அசல் பையன எங்க வச்சிக்கினு கீறீங்க?"

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். எதிர்வீடான எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நான் பார்த்தவரை, ரேவதிக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதமே திருப்பதியில் ஒரு தெலுங்குச் சேனலில் செய்தி வாசிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாமாவின் சந்தேகங்கள் எல்லாம் சுருங்கி ஒரே சந்தேகமாயின. பெண் சாப்பிடுகிறாளா?

"தெனமும் போன்ல 'நல்லா துன்றேன் நைனா'ங்கிறா. நெசமா துன்றவ அத்த சொல்லிக்கினு இருப்பாளா?"

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால், அவர் வீட்டுப் பழைய டி.வி.யில் ரேவதி ஒரு மஞ்சள் கறையாகத்தான் வந்தாள். அந்தச் சமயத்தில்தான் அவள் போனில் சொன்னாள்: "அடுத்த வாரத்துலருந்து எங்க சேனல் ஹெச்.டி. நைனா. மயிர்க்கால்கூட தெரியும்."

மாமா மறுநாளே என்னிடம் வந்தார். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சத்தியவேடு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஹெச்.டி. டி.வி. இரண்டு, ஹெச்.டி. செட்டாப் பாக்ஸ். மூன்று, இரண்டையும் இணைக்கும் ஹெச்.டி. ஒயர். நான்கு, ஹெச்.டி. சேனல். இதில் ஒன்று இல்லையென்றாலும் படம் பழைய படம்தான்.

அவர் பட்டியலின் மேலும் கண்ணாடியை வைத்தார்.

"மூணாவது வரியில மை மாறிக்கீது."

"பேனா மாத்தினேன் மாமா."

"ஏன் மாத்தின?"

டி.வி. வந்த அன்று அதைப் பொருத்த வந்தவர் தெலுங்குக்காரர். வேலையை முடித்துவிட்டு, "அன்னா, இதி ஃபுல் ஹெச்.டி. டவுட்டே ஒத்து" என்றார். சந்தேகமே வேண்டாம் என்று மாமாவிடம் போய் யாராவது சொல்வார்களா? நான் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அட்டைப்பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததை மட்டும் படித்துவிட்டு நான்கு வரிக்கும் டிக் போட்டுவிட்டுப் போனேன்.

மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, ஏழு மணிச் செய்தியில் ரேவதி பெரிதாக வந்தாள். "எம் பொண்ணு எவ்ளோ லட்சணமா கீறா" என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாமா எழுந்து போய், திரையில் ரேவதியின் இடது கன்னத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இது ஏமாத்து வேலை."

"எல்லாம் புதுசு மாமா. படிச்சவ சொல்றேன்ல?"

"நீ படிச்சவ. நான் எண்ணினவன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒண்ணுபோல கீது. இழைய கொறைச்சு நெய்ஞ்சுட்டு, கஞ்சிய போட்டு நெருக்கமா காட்டுவான் பாரு, அந்த வேலை."

சின்னப் படத்தை இழுத்துப் பெரிய திரையை நிரப்பினால் என்ன ஆகும் என்று கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. அதில் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பழைய டி.வி.யின் மூன்று ஒயர்கள். என் பட்டியலின் மூன்றாவது வரி. பார்க்காமலே டிக் போட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் செய்திருந்தால் மெமோ கிடைத்திருக்கும்.

"புது ஒயர சுருட்டிக்கினு போய்ட்டான் திருடன்! கூப்புடு அவன!"

கூப்பிட்டேன். "டப்பாலோ ஒயரு லேதம்மா. பெத்தாயனே பாததி இச்சாரு" என்றார் அவர். பெட்டியில் ஒயரே இல்லையாம். பழையதை எடுத்துக் கொடுத்ததே பெரியவர்தானாம்.

அத்தை எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து, உறை பிரிக்காத புது ஒயரை எடுத்து வந்தார்.

"வர்றவன் மாத்திடுவான்னு காலையில இவருதான் எடுத்து உள்ள வச்சாரு. வச்சத மறந்துட்டாரு."

மாமாவிடம் ஒரு கூச்சமும் இல்லை. "பாத்தியா? எவ்ளோ பத்திரமா கீது. வெளிய வச்சிருந்தா போயிருக்கும்."

ஒயரை மாற்றினேன். ரேவதி பிச்சாட்டூர் ஏரியின் நீர்மட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். காதுத் தோட்டின் கல்கூடத் தெரிந்தது. மாமா இந்த முறை வெகுநேரம் எண்ணினார்.

"டி.வி. அசல்" என்றார். நான் மூச்சு விட்டேன். "மூஞ்சி அசல் இல்ல. பவுடர அப்பி வச்சிருக்கானுங்க. அங்கயும் கஞ்சி. கண்ணுக்குக் கீழ அடி இழையே தெரியல."

மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனார். நடந்ததை ரேவதிதான் எனக்குச் சொன்னாள். காலைச் செய்தி முடிந்து திரும்பியவளை ஹாஸ்டல் வாசலிலேயே முகம் கழுவ வைத்து, வெயிலில் நிறுத்தி, கண்ணுக்குக் கீழே கண்ணாடியை வைத்திருக்கிறார்.

"எத்தினி நாளா ஒரு வேளதான் துன்னுக்கினு கீற?"

மாவட்டத்துச் செய்தியையெல்லாம் தடங்கலில்லாமல் வாசிக்கிறவள், இதைத் தடுக்கித் தடுக்கித்தான் சொன்னாள். விடியற்காலைச் செய்தியும் அவள்தான், மாலைச் செய்தியும் அவள்தான். ஹாஸ்டலில் அடுப்பு மூட்டும் முன்பே கிளம்ப வேண்டும். திரும்பும்போது பசி செத்திருக்கும்.

அன்றிலிருந்து நகரியில் புறப்படும் பஸ்ஸில் தினமும் ஒரு டிபன் கேரியர் திருப்பதிக்குப் போனது. கண்டக்டர் தின்றுவிடக்கூடும் என்பதால் மாமா அதைச் சுற்றித் தறி நூல் கட்டி, எத்தனை முடிச்சு என்பதை ரேவதிக்கு போனில் சொல்லிவிடுவார்.

நான் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மாமா வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருவார். "துன்னியா பாப்பா?" என்று கேட்பார். துன்னேன் மாமா என்பேன். உடனே அவர் முகம் மறைந்து, திரை முழுக்க ஒரு பித்தளை விளிம்பு தெரியும்.

அதனால், அவர் கூப்பிடுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறேன்.